முனிரத்தினம் சாரின் மேகமூட்ட நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் சாரின் மனைவி அழைத்தார். "மேடம், உங்க சார் போயிட்டாருங்க. காபி குடிச்சிட்டு சேர்ல சாஞ்சவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். அன்று நான் உண்மையாகவே அழுதேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். அவருக்குத் தேனீப் பைத்தியம். பேரிகை கிராமத்திலிருந்து தேன்பெட்டிகளை வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்கு மாற்றி வைப்போம். புது இடத்தில் வெளியே வரும் தேனீ நேரே பறந்துவிடாது. திரும்பி, பெட்டியைப் பார்த்தபடியே வட்டமடிக்கும். வெயில் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்று அந்த எள்ளளவு மூளை பதிந்துகொள்ளும். "பாருங்க மேடம், அதுக்கு யாரும் அட்ரஸ் சொல்லல. தானே திரும்பிப் பாத்து கத்துக்குது" என்பார்.

சூரியன் தெரியாத நாளிலும் மலை விளிம்பை வைத்தே அவை திசை கற்கின்றன என்பதுதான் நாங்கள் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முடிவு. வெயில் நாட்களின் பதிவுகள் என்னுடையவை, மேகமூட்ட நாட்களின் பதிவுகள் அவருடையவை. கருத்தரங்குகளில் நான்தான் பேசினேன். சந்தேகப்பட்டவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று, காலை முதல் மாலை வரை சார் ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இட்லி வாங்கி வந்து, "சாப்பிடுங்க மேடம், ஒண்ணும் ஆவாது" என்றார். அந்தத் தேதியை நான் மறந்ததே இல்லை.

காரியம் முடிந்ததும் அவருடைய நோட்டுகளை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். அதே தேதியில், அழகான கையெழுத்தில், காலை பத்து முதல் மாலை நான்கு வரை வேப்பனப்பள்ளியில் மேகமூட்டம் என்று எழுதியிருந்தது. வட்டமடித்த தேனீக்கள், அவை போன திசைகள், எல்லாம் இருந்தன. இனி எந்தப் பக்கத்தை நம்புவது?

அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோரும் அந்த முடிவைத்தான் புகழ்ந்தார்கள். ஏன் சார்? இன்னொரு மேகமூட்ட நாளுக்குக் காத்திருக்கக் கூடாதா? எனக்காக வந்த நாளை ஈடுகட்டவா பொய் எழுதினீர்கள்? அதற்கு நீங்கள் அன்று வராமலே இருந்திருக்கலாம்.

கட்டுரையைத் திரும்பப் பெற விண்ணப்பம் எழுதிவிட்டேன். எழுதிய இருவரும் கையெழுத்திட வேண்டுமாம். என்னுடையதைப் போட்டாயிற்று. உங்கள் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். போய் வாருங்கள் சார். அதை எழுதிய பிறகுதான் உங்களுக்காக என்னால் மறுபடி அழ முடியும்.