ஒன்பது நாள் யானை, ஒரு வருட மூச்சு

அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் எடுப்பாக இருந்து வந்த பெயரல்ல அது. இருபத்தாறு வருடமாக ஊராருக்குப் பல்செட் செய்துகொடுத்து வந்த பெயர்.

பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, ஒற்றை ஜன்னலோடு ஓர் அறை. அதற்கு லேப் என்று பெயர். ஐந்து பேர் வேலை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சு சுவரிலுள்ள திறப்பு வழியாகத் தட்டில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, கடைசியாகப் பல்லக்காவின் மேசைக்கு அனுப்புவார்கள். அவள் வேலை அரைப்பது. சுழலும் கல்லில் பிடித்துப் பிசிறு எடுத்து, ஈறில் உறுத்தாதபடி வழவழப்பாக்கித் தர வேண்டும். அரைக்க அரைக்கப் பொடி பறக்கும். அதை வாயால் ஊதிவிட்டு, செட்டைக் கீழுதட்டில் லேசாகத் தேய்த்துப் பார்ப்பாள். “விரல் பொய் சொல்லும், உதடு சொல்லாது” என்பாள். அதற்குப் பிறகுதான் அது கழுவப் போகும்.

பொடியை உறிஞ்சும் குழாய் ஒன்று அறையில் இருக்கத்தான் செய்தது. அது போடும் இரைச்சலில் முன்னால் நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று முதலாளி அதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. முகமூடியும் கொடுத்திருந்தார்கள். போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். கண் தெரியாமல் அரைத்தால் ஒருவர் ஈறு புண்ணாகும். ஆகவே முகமூடி எப்போதும் கழுத்தில் தொங்கியது.

இப்படிப்பட்டவளுக்கு யானைமேல் ஆசை வந்தது சம்பளம் வாங்கப் போன இடத்தில். மருத்துவமனை வரவேற்பறை டிவியில் எப்போதும் காட்டு விலங்குப் படம்தான் ஓடும், சத்தமில்லாமல். அன்று ஆப்பிரிக்காவில் ஒரு சதுப்பு நிலம். வயதான யானை ஒன்று வயிறளவு தண்ணீரில் நின்று மெல்ல மெல்ல மென்றுகொண்டிருந்தது. கீழே எழுத்து ஓடியது: யானைக்கு வாழ்நாளில் ஆறு வரிசை கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஒன்று தேய்ந்தால் பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துபோனால் அதனால் மெல்ல முடியாது. கடைசிக் காலத்தில் மெத்தென்ற புல் தேடிச் சதுப்புக்கு வந்துவிடும்.

பல்லக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். “ஏழாவது செட்டுக்கு என்கிட்ட வந்தா ஆகாதா!” என்று வாய்விட்டுச் சொன்னாள். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சம்பளக் கவரை வாங்காமலே லேபுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து ஏழு வருடம், கூடுதல் நேர வேலைக்குக் கிடைத்த பணத்தைத் தொடவில்லை. போன மாதம் முதல் தேதி, ஆப்பிரிக்கக் காட்டில் யானை பார்க்கும் ஒன்பது நாள் சஃபாரிக்கு முன்பணம் கட்டினாள். ஒரு வாரம் கழித்து, விடாத இருமலுக்காக நெஞ்சு மருத்துவரைப் பார்த்தாள்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். நுரையீரலில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். அவள் மேசையில் தினமும் ஊதிவிடும் பொடியின் வெள்ளை அது.

“போனது திரும்ப வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். அந்த வேலைய விடணும். ஒரு வருஷமாவது தூசியே படாம இருந்து பாருங்க.”

“அந்த ஒரு வருஷம் சாப்பாட்டுக்கு?”

மருத்துவர் பேனாவை மூடினார். அது அவர் துறை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே கணக்குப் போட்டுவிட்டாள். சஃபாரிக்குக் கட்ட வேண்டிய மீதியும், வேலையில்லாமல் ஒரு வருடம் காலம்தள்ள ஆகும் பணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்பது நாள் யானை, இல்லாவிட்டால் ஒரு வருட மூச்சு. இரண்டுக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது ஒரே சேமிப்பு. மீதியைக் கட்டக் கெடு சனிக்கிழமை மாலை ஐந்து மணி.

செவ்வாய்க்கிழமை லேபில் மெழுகண்ணன் வம்புக்கு இழுத்தார். மெழுகில் பல் அடுக்குபவர், அவளுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்.

“என்ன பல்லக்கா, சிங்கத்துக்கு அளவெடுத்துட்டு வரப்போறீங்களாமே? அட்வான்ஸ் வாங்கிடுங்க. அப்புறம் செட்டு டைட்டா இருக்குன்னு காசு தராது.”

“உங்களையும் கூட்டிட்டுப் போறேன்ணே. அளவெடுக்கறப்ப அதோட வாய யாராவது பிடிச்சுக்கணுமே.”

சிரித்தார்கள். சிரிப்பு அவளுக்கு இருமலாக மாறி நிற்காமல் போனது. மெழுகண்ணன் தண்ணீரை நீட்டினார். அவரும் இருமிக்கொண்டேதான் நீட்டினார். அங்கே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். கணவனோடு ஒத்துவராமல் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்த தங்கை, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். மருத்துவர் சொன்னது அவளுக்குத் தெரியாது. தெரியாததால் முன்பணம் கட்டிய நாளிலிருந்து நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த மிருகத்தப் பாக்க நீ ஏழு வருஷக் காசக் கொட்டற. உன்னைப் பாக்க அது அஞ்சு காசு செலவு பண்ணுமா?”

“பண்ணாது.”

“பாத்துட்டு வந்து என்ன பண்ணுவ?”

“பாத்துட்டேன்னு இருப்பேன்.”

“பாக்காமலே நான் இருக்கல? எனக்கென்ன கொம்பு உடைஞ்சு போச்சா?”

வியாழக்கிழமை மாலை பல்லக்கா வேலைவிட்டு வந்தபோது, பயண நிறுவனத்தின் விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். தலைப்பு ஒழுங்காக, பக்கங்கள் ஒழுங்காக, ஓரத்தில் கிளிப் வேறு.

“சண்டை வேற, ஃபாரம் வேற. அரைகுறையா விட மனசு வரல” என்றாள். “பதினேழாவது கேள்விய அப்படியே விட்டுட்டியே. காலியா இருந்தா எங்க ஆபீஸ்ல பாக்காமலே திருப்பி அனுப்பிடுவோம். நானே எழுதிட்டேன்.”

பல்லக்கா குனிந்து பார்த்தாள். ‘மூச்சு தொடர்பான நோய் ஏதேனும் உண்டா?’ அதற்கு நேரே தங்கையின் முத்து முத்தான எழுத்தில் ‘இல்லை’ என்றிருந்தது.

மூன்று வாரமாக அந்த ஒரு கேள்வியைத் தொட முடியாமல் அவள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். தங்கை எழுதியதுதானே, தன் பொய் இல்லையே. ஆனால் அங்கே போய் ஏதாவது ஆகிவிட்டால், இந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே தங்கை செத்துப்போவாள் என்று தோன்றியது.

“அதை அடிச்சிடு.”

“எதை?”

“இல்லைங்கறதை.”

“அடிச்சா பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடணும். பாக்க அசிங்கமா இருக்கும். எதுக்கு அடிக்கணும்?”

பல்லக்கா புடவை அடுக்குக்கு அடியிலிருந்து, நெஞ்சு மருத்துவரின் அறிக்கை இருந்த பழுப்பு உறையை எடுத்து வந்து கொடுத்தாள். எந்தத் தாளானாலும் செய்வதுபோலவே தங்கை முதலில் தேதியைத்தான் பார்த்தாள்.

“இது போன மாசம் எட்டாம் தேதி.”

“ஆமா.”

“இன்னைக்கு மூணாம் தேதி.” அதற்கு மேல் படித்தாள். படித்ததையே திரும்பப் படித்தாள். பிறகு ஸ்கேலை வைத்து ‘இல்லை’யின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து, பேனாவை அக்காவிடம் நீட்டினாள். கோடு ஸ்கேலையும் மீறி வளைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பல்லக்கா கண்விழித்தபோது அவள் பைக்குள் சாப்பாட்டு டப்பா ஏற்கெனவே தயாராக இருந்தது. செருப்பு போட வசதியாக வாசல் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தங்கை வாசல்வரை வந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாசல்வரை வந்ததில்லை.

“யோசிச்சுப் பாத்தேன்க்கா. நீ போயிட்டு வா” என்றாள். குரல் பஞ்சுபோல இருந்தது. “பணத்தப் பத்திக் கவலைப்படாத. ஆசைப்பட்டத அனுபவிச்சிடணும். இப்ப ஃபாரத்தோட டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க, அதுக்கு நான் கூட வரேன்.”

ஏழு வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் பல்லக்காவின் நடை நின்றது. அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று நினைவு வந்துவிட்டது. அப்பாவின் கடைசி மாதம். வாழ்நாள் முழுக்க உப்புக்கும் இனிப்புக்கும் அவரோடு மல்லுக்கு நின்றவள் இதே தங்கைதான். ஒருநாள் ஆஸ்பத்திரியில் மருத்துவரோடு தனியாகப் பேசிவிட்டு வந்து, இதே பஞ்சுக் குரலில், “என்ன வேணும்னாலும் சாப்பிடுங்கப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள். அப்பா அன்றைக்கே புரிந்துகொண்டார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இதுவரை சஃபாரி வீண்செலவாக இருந்தது. வீண்செலவு செய்கிறவளுக்கு முன்னால் காலம் கிடக்கிறது என்று பொருள். இப்போது அது கடைசி ஆசையாகிவிட்டது.

சனிக்கிழமை லேபில் முகமூடியை மூக்குவரை ஏற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது நிமிடம் கண்ணாடி வெளுத்தது. துடைத்தாள். மறுபடி வெளுத்தது. கையில் யாருடையதோ கீழ்வரிசை. அதைக் கல்லில் வைக்காமலே எழுந்து முதலாளியிடம் போனாள்.

“நான் வேலைய விட்டு நின்னுக்கறேன் சார்.”

“திங்கக்கிழமை பன்னெண்டு செட்டு போகணுமே!”

“தெரியும்.”

“லீவு வேணும்னா எடுத்துக்கோங்க. ஆப்பிரிக்கா போயிட்டே வாங்க.”

“அங்கயும் போகல சார். அந்தக் குழாய மட்டும் போட்டு விடுங்க. மெழுகண்ணன் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கார்.”

முதலாளி பார்க்கலாம் என்றார். அவள் நகரவில்லை. அவர் எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்ட பிறகுதான் பையை எடுத்தாள். அவள் போன பிறகு எத்தனை நிமிடம் அது ஓடியது என்று தெரியாது.

நாலரை மணிக்கு, வீட்டில், பயண நிறுவனத்துப் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

“கேன்சல் பண்ணினா முன்பணம் திரும்ப வராது மேடம். பரவாயில்லையா?”

“பரவாயில்லன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா வேண்டாம்.”

வைத்த பிறகு மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. சரியாகத்தான் செய்தோமா, பயந்துபோய்ச் செய்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. யானை தேவையில்லை என்று மனசு சொல்லியிருந்தால் பரவாயில்லை. அது சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து மூச்சும் மிஞ்சாமல், யானையைப் பார்த்த நினைவும் மிஞ்சாமல் போனால் என்ன செய்வது? இதற்கு யாரிடம் பதில் கேட்பது?

தங்கை பள்ளியிலிருந்து வந்தாள். காலணியைக் கழற்றுமுன்பே பஞ்சுக் குரலில், “பணம் கட்டியாச்சாக்கா?” என்றாள்.

“இல்ல. வேண்டாம்னுட்டேன். வேலையையும் விட்டுட்டேன்.”

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முன்பணம்?”

“போச்சு.”

“போச்சா!” குரல் கூரையைத் தொட்டது. “முழுசாவா? எவ்வளவுன்னு தெரியுமாடி உனக்கு? வேண்டாம்னா ஆரம்பத்துலயே வேண்டாம்னு இருக்கணும், இல்ல கட்டித் தொலைச்சிருக்கணும்! ரெண்டுங்கெட்டானா ஒரு மாசம் இழுத்து, அவனுக்குத் தானம் பண்ணிட்டு வந்து நிக்கறியே! ரசீது எங்க? அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை…”

பல்லக்காவுக்கு இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நெடுநேரம் இருமினாள். தங்கை பேச்சை நிறுத்தி, அவளைப் பார்க்காமல், தன் செருப்பையே பார்த்தபடி நின்றாள். அடங்கியதும் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

“குடிச்சிட்டியா?”

“ம்.”

“ரசீது எங்கன்னு கேட்டேன்.”