சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

1. நின்ற வண்டி

காலையில் மைதானத்திலிருந்து போன். புல் வெட்டும் வண்டி மறுபடி நின்றுவிட்டது என்றார் ஏழுமலை. அந்த வாரம் முழுக்க இதே புகார்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் இருந்தது உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர். ஓட்டுபவர் ஏழுமலை, முசரவாக்கத்தில் டிராக்டர் ஓட்டிவிட்டு கான்ட்ராக்டில் எங்களிடம் வந்தவர்.

வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு சேஃப்டி ஸ்விட்ச் உண்டு. பிளேடு சுற்றும்போது சீட்டில் ஆள் இல்லையென்றால் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். இறங்கும் அவசரத்தில் கால் பிளேடுக்குள் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

எனக்கு முதல் சந்தேகம் ஏழுமலை மேல்தான். டிராக்டர் ஓட்டியவர்கள் மேடு வந்தால் சீட்டை விட்டு லேசாக எழுந்துகொள்வார்கள். அதைச் சொன்னேன்.

"நான் உக்காந்துக்கினுதான் சார் இருக்கேன். அதுவா நின்னுடுது."

அந்தச் சனிக்கிழமை கல்லூரிகளுக்கு இடையே கிரிக்கெட் போட்டி. ஸ்விட்ச் வேலை செய்யாதபடி பைபாஸ் செய்து வேலையை முடிக்கச் சொன்னார் மேனேஜர். ஏழுமலையும் அதையே கேட்டார். வண்டி இப்படி அடிக்கடி நின்றால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று அவருக்குப் பயம்.

"ரெண்டு ஒயர முறுக்கி உட்டுடு சார். யாருக்குத் தெரியப் போவுது?"

2. சோதனை

இன்ஜின் கிளம்பிவிடாதபடி முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றினேன். பிளேடு பக்கம் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யாதவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம். பிளேடு போல்ட் இறுக்கமாக இருந்தது. பெல்ட்டில் வெடிப்பில்லை. ஆயில் அளவு சரி. ஏர் ஃபில்டரில் புல்தூசி அடைத்திருந்தது, தட்டிப் போட்டேன். ஸ்விட்ச், கனெக்டர், சீட் ஸ்பிரிங் மூன்றிலும் குறை எதுவும் இல்லை.

ஒயரை மாட்டி நானே ஓட்டிப் பார்த்தேன். நான் கனத்த உடம்புக்காரன். மைதானத்து மேடுபள்ளங்கள் எல்லாவற்றிலும் போய் வந்தேன், வண்டி நிற்கவில்லை. அடுத்து ஏழுமலை ஏறினார். முதல் மேட்டிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது தடவை அவரை ஓட்டச் சொல்லி, வண்டியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. மேட்டில் சீட் குலுங்கியபோது அதை அழுத்திப் பிடிக்க அவரிடம் கனம் இல்லை. சட்டை தோளிலிருந்து ஹேங்கரில் மாட்டியதுபோல் தொங்கியது. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. ஸ்டீயரிங் பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், வெயில் ஏறுவதற்கு முன்பே காலி. அடிக்கடி வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றுக்கு இருக்க மரத்தடிக்குப் போகிறார் என்று வாட்ச்மேன் ஒரு முறை என்னிடம் சொல்லியிருந்தார்.

கேன்டீனில் அரிசி மூட்டை நிறுக்கும் மெஷினில் அவரை ஏறச் சொன்னேன்.

"இன்னா சார், ஏழுமலைய ஸ்டாக்குல சேக்கறியா?" என்றார் கேன்டீன் நடத்தும் பாய்.

நாற்பத்தெட்டு காட்டியது. பொங்கலுக்கு அறுபதுக்கு மேல் இருந்ததாகச் சொன்ன ஏழுமலை இறங்கி, செருப்பைச் சரிசெய்துகொண்டு, மறுபடி ஏறினார். அதே நாற்பத்தெட்டு.

"மிஷினு சரியில்ல பாய்."

பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"ஊட்லயும் எளச்சிட்டேன்னுதான் சொல்லிக்கினு இருக்குது சார். வெயிலுனு நெனச்சேன்" என்றார் ஏழுமலை.

3. ஆஸ்பத்திரி

பைக்கில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மீட்டரில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று மட்டும் காட்டியது. உடனே அட்மிஷன். இன்னும் சில நாள் விட்டிருந்தால் இருந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார் என்றார் டாக்டர். அவர் இருந்திருக்கக்கூடிய இடம் எது என்று எனக்குத் தெரியும்.

ஷேர் ஆட்டோ பிடித்து அவர் மனைவி செல்வி வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: "வண்டி ரிப்பேருனு சொன்னாரே அண்ணா, சரியாயிடுச்சா? வேற ஆளப் போட்டுடுவாங்களா?"

"வண்டில ரிப்பேரே இல்லமா" என்றேன். "அவர் வர்ற வரைக்கும் அது ஷெட்டுல நிக்கும்."

அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். போட்டிக்கு மைதானத்தைக் கையால் தள்ளி வெட்டும் மெஷினை வைத்து ஒப்பேற்றினோம். எல்லைக்கோட்டுக்கு வெளியே புல் உயரமாகவே இருந்தது. மேனேஜர் முணுமுணுத்தார், ஆனால் வேறு ஆளைக் கேட்கவில்லை.

4. திரும்பி வந்த நாள்

இன்சுலின் போடப் பழகி, உடம்பு கொஞ்சம் தேறி, டாக்டர் கொடுத்த சர்டிஃபிகேட்டோடு ஏழுமலை வந்தார். டூல் பாக்ஸில் செல்வி கொடுத்தனுப்பிய பிஸ்கட் பாக்கெட்டும் சர்க்கரைப் பொட்டலமும் இருந்தன. சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட.

வண்டி நின்றால் முதலில் வண்டியைப் பாருங்கள். பழுது கிடைக்காவிட்டால், ஒயரை முறுக்குவதற்கு முன் அதில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அன்று வழக்கமான செக்கிங்கில் சீட் டெஸ்ட் வந்தது. பிளேடை ஓடவிட்டு, எழுந்திருக்கச் சொன்னேன். அவர் பிடியை விடாமல் மெதுவாக எழுந்தார். இன்ஜின் நின்றது.

சீட்டைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"நான் எந்திரிச்சா நிக்குது. நான் வுழுந்தாலும் நிக்குமா சார்?"

"நிக்கும்பா."

உட்கார்ந்தார். சாவியைத் திருப்பி, பிளேடைப் போட்டு, மைதானத்தின் ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்.