கூடைக்குப் பின்னால் நின்றவர்

எங்கள் அருங்காட்சியகம் ராயபுரத்தில், துறைமுகச் சுவரை ஒட்டிய பழைய சரக்குக் கொட்டகையில் இருக்கிறது. அங்கே ஆவண அறை என் பொறுப்பு. பக்கத்தில் புதிய கட்டடம் எழும்பி முடிந்தபோது ஒரு விதி வந்தது. யார் கொடுத்தது என்று காட்ட முடிகிற பொருள்கள் மட்டும் பார்வைக்கு, மற்றவை கிடங்குக்கு. கிடங்குக்குப் போன எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

அந்த விதியில் முதலில் மாட்டியது ஒரு கரிக்கூடை. மூங்கிலால் பின்னி, விளிம்பில் சாக்குத்துணி வைத்துத் தைத்தது. கூடவே தலையில் வைக்கும் சும்மாடு. கப்பல் மணியும் திசைகாட்டியும் மாலுமித் தொப்பியும் எங்களிடம் நிறைய உண்டு. பெண்கள் கரி சுமந்த காலத்துக்குச் சாட்சி இவை இரண்டுதான். என் அம்மாவும் இந்தத் துறைமுகத்தில் கரி சுமந்தவர். அலுவலகத்தில் இதை நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கூடைக்குச் சலுகை கேட்க எனக்கு விருப்பமில்லை. விதி ஆதாரம் கேட்டது. ஆதாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் காட்டுவதாகக் காப்பாட்சியரிடம் சொன்னேன்.

பதிவேட்டில் எதுவும் இல்லை. ஆரம்ப வருடங்களில் இது அருங்காட்சியகமே அல்ல. துறைமுக ஊழியர்கள் ஆசைப்பட்டுச் சேர்த்துவைத்த ஒரு மூலை. கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போனார்கள், யாரும் எழுதவில்லை. கோப்புகளை எல்லாம் பார்த்து முடித்தபின், ஆயுத பூஜைச் சாமான் பெட்டி ஒன்றுதான் பாக்கி. தீபாராதனைத் தட்டுக்கும் சந்தன டப்பாவுக்கும் அடியில் பழைய புகைப்படங்கள் ஒரு கட்டு இருந்தன.

அந்த நாளில் ஆயுத பூஜையன்று எங்கள் ஆட்கள் காட்சிப் பொருள்கள் அனைத்தையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, பொட்டிட்டு, பூ வைத்து, பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரும்பு நங்கூரத்துக்குக்கூடக் குங்குமம். இந்தக் கறைகளைப் பற்றி வெளியூர் நிபுணர்கள் எங்களைக் கடிந்துகொண்டதுண்டு. நான் படங்களை வருட வரிசைப்படி மேஜையில் பரப்பினேன். வரிசை வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போனது. புதிதாக வந்த ஒவ்வொரு பொருளின் பின்னாலும் ஒரு புது ஆள், அதன்மேல் கை வைத்தபடி. மறு வருடப் படத்தில் அந்த ஆள் இல்லை, பொருள் மட்டும் இருக்கிறது.

கொடுத்தவரைப் பூஜைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது. கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரிந்த பொருள்களை எடுத்துச் சரிபார்த்தேன். கப்பல் மணிக்குப் பின்னால் அதைக் கொடுத்த மாலுமியே நின்றார். அவர் படம் எங்கள் சுவரிலும் இருக்கிறது. திசைகாட்டியும் அப்படியே ஒத்துப்போனது. பிறகுதான் கரிக்கூடைக்கு வந்தேன். அதன் பின்னால் ஒரு பெண். அந்தப் படத்தில் இருந்த ஒரே பெண். இரண்டு பக்கமும் மூக்குத்தி, கேமராவை நேராகப் பார்க்கும் கண்.

படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, கரி சுமந்தவர்கள் குடியிருந்த தெருவுக்குப் போனேன். தண்ணீர் லாரிக்காகக் குடம் வைத்துக் காத்திருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா மேடம், காணாப் போனவங்களா? போலீஸா நீ?"

"இல்லம்மா, மியூசியம்."

"மியூசியமா? இந்தம்மா இன்னா ராணியா?"

"ஏய், வாய மூட்றீ" என்றாள் இன்னொருத்தி. "மூக்குத்திய பாரு, ரெண்டு பக்கமும் கீது. மீன் விக்கிற அக்காவோட ஆத்தா இது."

மீன் விற்கும் அந்த அக்கா எழுபதை நெருங்குபவர். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எங்கம்மாதான்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "அய்ய, கூடைய பாரு! இத்த எங்க நைனா வித்துக் குட்ச்சிட்டாருன்னு சாவுற வரிக்கும் ஏசிகினு இருந்தோம். தலையில அட்ச்சி சத்தியம் பண்ணாரு, ஒர்த்தரும் நம்பல."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"எங்க சொல்லுச்சு? எங்களோட சேந்து அதுவும்ல திட்டிச்சி!"

தெருவே சிரித்தது. நான் விதியை முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் கூடை பார்வைக்கு வரும். வேண்டாமென்றால் வாரிசாகத் திருப்பியும் கேட்கலாம். இரண்டாவதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அது ஆசையா குட்த்தத நான் யாரு திருப்பிக் கேக்க?" என்றார். "எய்து, கையெய்த்து போட்றேன். எங்கம்மா பேரு பெர்சா இருக்கணும், சொல்ட்டேன்."

வெள்ளிக்கிழமை படங்களை வரிசையாக வைத்தேன். காப்பாட்சியர் பூதக்கண்ணாடியை எடுத்து, கூடை விளிம்பின் தையலையும் படத்தில் தெரிந்த தையலையும் ஒப்பிட்டார். ஒப்புக்கொண்டார். பூஜைப் படங்கள் அனைத்தையும் ஆவணமாகச் சேர்க்கச் சொல்லி அங்கேயே உத்தரவும் போட்டார். அன்றைய நாட்குறிப்பை வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

புதிய கட்டடம் திறப்பதற்கு முன் மீன் விற்கும் அக்காவை அழைத்துக் காட்டினேன். விளக்க அட்டையைப் படிக்கச் சொன்னார். "கொடுத்தவர்" என்று பெயரைப் பெரிதாகவே போட்டிருந்தோம். கீழே "கரி சுமந்த கூலித் தொழிலாளி" என்று படித்ததும் நிறுத்தினார்.

"கூலியா? ஒரு கேங்கு பொம்பளைங்கள மேய்ச்ச மேஸ்திரி அது."

"அதுக்கும் ஆதாரம் வேணுமேக்கா."

"ஆதாரமா? நானே அந்த கேங்குல சொமந்தவ. என்னக் கேளு, சொல்றேன்."

நாற்காலி போட்டு, ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, மதியம் வரை கேட்டேன். அட்டையை மறுபடி அச்சடித்தோம். இப்போது பெயர்களோடு அதில் இருப்பது: "கொடுத்தவர், கரி இறக்கும் குழுவின் பெண் மேஸ்திரி. தகவல் தந்தவர், அவருடைய மகள். அதே குழுவில் கரி சுமந்தவர்." இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. அளவை நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.