லேகலின் இரண்டு கைகள்

"வேணும்னேதான் அடிக்க முடியாத இடத்துல போட்டான் உன் தங்கச்சி மகன். வாத்தியார் திட்டின கோவம் அவனுக்கு. அந்தப் பேஸ்பால் ஆட்டத்தை ஊரே ரேடியோவுல கேட்டுச்சு."

"ரேடியோவுல கை தெரிஞ்சுதாடி உனக்கு?" என்று கேட்டேன்.

"கை எப்படித் தெரியும்? நாலு பந்து வெளியே போனா, எதிராளி மட்டையால தொடாமலே அடுத்த பேஸுக்குச் சும்மா நடந்து போறான். மறுபடி நாலு பந்து, இன்னொருத்தன் நடந்து போறான். என் மகன் மூணாவது பேஸ்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தானாம். அமெரிக்கா போயிருக்க வேண்டியவன் இன்னிக்கு தைபேயில சிமெண்ட் மூட்டை தூக்குறான்."

"உன் மகன் அமெரிக்கா போயிருந்தாலும் மூட்டைதான் தூக்கியிருப்பான். மட்டையை விறகு மாதிரி பிடிப்பான்."

"சரி, அதை விடு. கடைசியில ஓடிப் போனானே, அதுக்கு என்ன சொல்றே?"

"ஓடிப் போனான்னு யாருடி சொன்னது?"

"நீதான் சொன்னே, திபூஸ். அன்னிக்கு வாசல்ல நின்னு, ஊருக்கே கேட்கிற மாதிரி."

பிரம்புக் குருத்தின் முள்ளைச் சீவிக்கொண்டிருந்த என் கத்தி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் காதிங் எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். எட்டுப் பொய் சொன்னால் இரண்டு உண்மையும் சொல்வாள். இது உண்மை. நான்தான் சொன்னேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

லேகல் என் தங்கை பனாயின் பிள்ளை. அவனுக்கு மூன்று வயது ஆனபோது அவன் அப்பன் கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டான். தைவான் கிழக்குக் கரையில் எங்கள் அமிஸ் ஜனங்களில் வீடு பெண்ணுடையது. ஆண்தான் கல்யாணம் ஆனதும் பெண் வீட்டுக்கு வருகிறவன், பிடிக்காவிட்டால் போகிறவனும் அவன்தான். பனாய் தெற்கே மீன் டப்பா அடைக்கிற ஆலைக்கு வேலைக்குப் போனாள். மூத்தவள் நான், வீடு என் கையில். பிள்ளையும் என் கையில்.

அவன் இடது கைக்காரன். சோற்றை அள்ளுவது, கல்லைப் பொறுக்குவது, ஈயை விரட்டுவது, எல்லாம் இடதுதான். பள்ளிக்கூடத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் விரல் முட்டியில் பிரம்பு விழும். என் அண்ணன் வாங்கிய அடியை நான் கண்ணால் பார்த்தவள். அந்த அடி இவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். என் நெசவுப் பட்டையை எடுத்து அவன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். சாப்பாட்டு நேரம் முழுக்கக் கட்டு. ஒரு வருஷம்.

"பெரியம்மா, இந்தக் கைக்குப் பசிக்குது" என்பான்.

"அதுக்குச் சோறு கிடையாது" என்பேன்.

ஆறு வயதில் வலது கையால் எழுதினான். யாரும் அடிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த வருஷங்களில் தைவான் முழுக்கப் பையன்களின் பேஸ்பால் பைத்தியம் பிடித்து ஆடியது. எங்கள் கரையோரப் பள்ளிக்கும் லியாவ் வாத்தியார் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான். தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிப் போட்டவர். லேகல் கடலைப் பார்த்துக் கல் எறிவதை அவர் ஒருநாள் நின்று பார்த்தார். எறிந்த கல் அலையைத் தொடாமல் அலைக்குப் பின்னால் போய் விழுந்தது. மறுநாளே பந்து எறிகிறவன் அவன்தான் என்று ஆனது.

ஒரு அணியில் ஒன்பது பேர். ஆனால் ஆட்டத்தில் ஒவ்வொரு பந்தும் ஒரே கையிலிருந்துதான் புறப்படுகிறது. எறிய இன்னொரு பையனும் இருந்தான், அவன் பந்து குறி தவறி வேலி தாண்டிப் போகும். அதனால் எல்லா ஆட்டமும் லேகலுக்கே. வகுப்புக்கு முன் நூறு பந்து, வகுப்புக்குப் பின் நூறு. மழை பெய்தால் பள்ளி வராந்தாவில். எறிய எறியக் கை பலப்படும் என்றார் வாத்தியார். மண்வெட்டி பிடிக்கிற தோள் அப்படித்தானே பலப்படுகிறது என்று நாங்களும் தலையாட்டினோம். பதின்மூன்று வயதில் மணிக்கட்டைத் திருப்பி வளைந்து போகிற பந்து எறியக் கற்றான். சந்தைக்குப் போனால் முகம் தெரியாதவர்கள் என்னை "லேகல் பெரியம்மா" என்று கூப்பிட்டு இரண்டு மீன் கூடப் போட்டார்கள். அந்த மீனை நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பதினான்கு வயதில் அவன் தலை சீவுவதை நிறுத்தினான். திமிர் என்று திட்டினேன். பிறகு கழுத்துப் பொத்தான் போடாமல் திரிந்தான். ஒருநாள் பின்னாலிருந்து பார்த்தேன். வலது கையைப் பொத்தான் வரை கொண்டுபோய், கொண்டுபோய், பாதியில் கீழே விட்டான். இஞ்சியை நசுக்கி அரிசி மதுவில் குழைத்து முழங்கையில் தேய்த்தேன். எலும்பு வைத்தியர் இழுத்து விட்டார். வலி போய்விட்டது என்றான். சீப்பை மட்டும் தொடவில்லை.

அவனுக்குப் பதினைந்து ஆனபோது தைதுங் நகரத்தில் நான்கு நாளில் மூன்று ஆட்டம் வந்தது. மூன்றும் ஜெயித்தால் தைபே, அங்கேயும் ஜெயித்தால் அமெரிக்கா. முதல் இரண்டை அவன் ஜெயித்துக் கொடுத்தான். மூன்றாவது ஆட்டத்தன்று காலை பேருந்து நிற்கும் இடத்துக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனேன்.

"பெரியம்மா, நீட்ட முடியலை" என்றான், மற்றப் பையன்களுக்குக் கேட்காமல்.

முழங்கையைத் தொட்டேன். தணலிலிருந்து எடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு ஆட்டம்டா. வாத்தியாருக்கு நான் சொல்லியிருக்கேன், உன்னை அனுப்புறேன்னு."

காதிங், இது உனக்குத் தெரியாது. அவனை அந்தக் கையோடு பேருந்தில் ஏற்றியவள் நான்.

ஆறாவது சுற்றில் ஈர மூங்கில் பிளக்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டதாம். அவனுக்கு மட்டும். எறிவதற்கு நம்பி விட வேறு ஆள் இல்லாததால் எறிந்துகொண்டே இருந்தான். பந்து எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருவன் பின் ஒருவனாக நடந்து போனார்கள், நடந்தே மூன்று ஓட்டம் எடுத்தார்கள். தோற்றோம். ஊரில் விருந்துக்காகக் கட்டி வைத்திருந்த பன்றியை அவிழ்த்து மறுபடி பட்டிக்குள் விட்டார்கள். பையன்கள் பேருந்திலிருந்து இறங்கியபோது அந்தப் பன்றி கத்தியதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

நகரத்து டாக்டர் முழங்கையின் உள்பக்கத்து நார் அறுந்துவிட்டது என்றார். "இழுக்கலாம், தூக்கலாம். எறிய முடியாது" என்றார். லியாவ் வாத்தியார் இரண்டு முறை வந்து பார்த்தார். மூன்றாம் முறை வரவில்லை. வேறொரு பையன் கிடைத்துவிட்டான்.

கை கட்டோடு உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டதைப் பார்த்தேன். ஒட்டரிசிச் சோற்றை இடது கையால் உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல், வாயில் போட்டுக்கொண்டான். பத்துப் பன்னிரண்டு வருஷம் சோறு காட்டாத கை. நேற்றுதான் விட்டது போல எடுத்தது. நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"பெரியம்மா" என்றான். "அந்தப் பட்டை இன்னும் இருக்கா?"

"எதுக்கு?"

"இந்தத் தடவை வலது கையைக் கட்டுங்க."

கட்டினேன். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. "முன்னாடி நல்லா இறுக்கமா கட்டுவீங்களே, வயசாயிடுச்சா?" என்று சிரித்தான். தலையில் ஒன்று வைத்தேன்.

சோறு அள்ளுவது வேறு, எறிவது வேறு. முதலில் பந்தே இல்லை. முற்றத்தில் வெறும் காலடிதான் வைத்தான். வலது காலை முன்னே போட்டு இடுப்பைத் திருப்பு, மறுபடி. ஆடத் தெரியாதவன் நடனம் பழகுகிற மாதிரி இருக்கும். பல் துலக்குவது, விறகு வெட்டுவது, ஆணி அடிப்பது எல்லாம் இடது கைக்கு மாறியது. பிறகு கல். முதல் கல் அவன் காலடியிலேயே விழுந்தது. நாற்பதாவதோ ஐம்பதாவதோ காதிங்கின் சேவல் மேல் விழுந்தது.

"குறி பார்த்துத்தான் எறிஞ்சான்!" என்று வந்து நின்றாள்.

"குறி பார்த்திருந்தா உங்க சேவல் பிழைச்சிருக்கும், அத்தை" என்றான் அவன்.

என் சேவல் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். அதில் பாதியைக் குழம்பு வைத்து எங்களுக்கே அனுப்பினாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இடது கையால் எறிகிறவனுக்குப் பந்து பிடிக்கிற தோல் உறை வலது கையில் வேண்டும். அப்படி ஒன்று ஊரில் கிடையாது. தன் பழைய உறையைப் பிரித்து, திருப்பி, மீன் வலை ஊசியால் தைத்துக்கொண்டான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழைய மறுத்தது. மறுபடி பிரித்தான். இரண்டு வருஷம் இப்படியே போனது. ஊரில் யாரும் அவனோடு ஆடவில்லை. வாழை மரம்தான் எதிராளி, ஒவ்வொரு மரமாகச் சாய்ந்தது.

பதினேழு வயதில் அறுவடைத் திருவிழாவில் அவனும் இளைஞர் வரிசையில் சேர்ந்தான். திருவிழா முடிந்ததும் வயதுக்கு வயது அணி பிரித்துப் பள்ளி மைதானத்தில் ஆடுவது வழக்கம். கடைசி மூன்று சுற்றுக்கு ஆள் இல்லாமல் அவனைக் கூப்பிட்டார்கள். இடது கையால் எறிந்தான். ஒன்பது பேர் மட்டையோடு வந்தார்கள், ஒருவன் கூடப் பந்தைத் தொடவில்லை. காதிங்கே கைதட்டினாள். அவள் இல்லை என்பாள், நான் பார்த்தேன். அவன் முகத்தை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அழுதுவிடுவேன்.

விருந்தாளியாக லியாவ் வாத்தியாரும் வந்திருந்தார். இரண்டு நாள் கழித்துப் பால்மாவு டப்பாவோடு வீட்டு வாசலில் நின்றார்.

"அம்மா, இடது கையால இப்படி எறிகிறவன் நூத்துல ஒருத்தன். ஒரு கம்பெனி அணியில பேசிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் ஜீப்போட வர்றேன்."

லேகல் ஒன்றுதான் கேட்டான். "ஒரு வாரத்துக்கு எத்தனை ஆட்டம் சார்? ஒரு ஆட்டத்துல எத்தனை பந்து?"

"பந்தை எண்ணிக்கிட்டு இருந்தா ஆட்டம் ஜெயிக்குமாடா?" என்று சிரித்தார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வாத்தியாரைப் பார்த்தேன். "வருவான்" என்றேன். சந்தையும் மீனும் என் கண்ணில் வந்து போயின. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அவர் போனதும் என் கையைப் பிடித்துத் தன் இடது முழங்கையில் வைத்தான். அந்தச் சூட்டை நான் மறந்தவள் இல்லை.

"மூணே சுத்துதான் எறிஞ்சேன், பெரியம்மா."

"ஓய்வு எடுத்தா போயிடும்."

"அவர் ஓய்வு விடுவாரா?"

"வாக்குக் கொடுத்துட்டேன்டா. வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நான் மாறியிருப்பேனோ என்னவோ. மாறியிருக்க மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"காவ்சியோங் துறைமுகத்துல மீன்பிடிக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறாங்க. தூரக் கடல், ரெண்டு வருஷம். இழுக்கலாம், தூக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரே."

"வாத்தியாருக்கு நான் என்னடா சொல்றது?"

"வரமாட்டேன்னு நான் சொன்னா, உங்க சொல்லை மீறினவன் ஆவேன். அனுப்பமாட்டேன்னு நீங்க சொன்னா, வாக்கு மீறினது நீங்க. ஓடிப் போயிட்டான்னு சொல்லிடுங்க. ஓடிப் போனவன் விஷயத்துல யார் யாரைக் கேட்க முடியும்?"

"ஊர் உன்னை என்னன்னு பேசும்?"

"ஏற்கெனவே பேசுறதுதானே. இந்தக் கையும் போச்சுன்னா நீங்கதான் எனக்கு ஊட்டி விடணும். உங்களால முடியாது, பாதிச் சோறு மூக்குல போகும்."

இருடா, என் வாக்கு போனால் போகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருந்தது. அவன் உட்கார்ந்தேதான் இருந்தான், எதற்கோ காத்திருப்பவன் மாதிரி. நான் எழுந்து போய் இலையில் சோற்றைக் கட்டினேன். மத்தியானம் ஜீப் வந்தபோது அவன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே, சத்தமாகச் சொன்னேன். பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன், அவனுடைய பெயரைக் கொடுத்து.

எங்கள் பையன்கள் பிறந்த வீட்டு வாசலை ஒரே ஒரு தடவைதான் பையோடு தாண்டுவார்கள், பெண் வீட்டுக்குப் போகும்போது. அந்த நாளில் வீட்டுப் பெண்கள் நாங்கள் புதுச்சட்டை போட்டுவிட்டுக் கூடவே நடப்போம். அவனோ அந்த வியாழக்கிழமை காலையில் பழைய சட்டையில் பொத்தானைப் போடாமல் இறங்கினான். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பையைப் பார்த்துவிட்டார்கள்.

"டேய் லேகல், எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா போறே? எங்ககிட்டச் சொல்லவே இல்லை!"

"பெரிய வீடு, அக்கா. முப்பது ஆம்பளைங்க இருக்காங்க, பொண்ணுதான் இல்லை."

அவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி கடலோரச் சாலையில் தெற்குப் பக்கம் நடந்தான். நான் வாசலுக்கு உள்ளேயே நின்றேன். அவன் திரும்பிப் பார்த்தானா என்று காதிங் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.