பரிசு டப்பாவுக்குத் தனிப் பக்கம்

கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, எழுதிய வரியைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். கமா வருமிடத்தில் மேசையில் விரலால் ஒரு தட்டு. தட்டு சரியாக விழாவிட்டால் வரி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பிஸ்கட் கம்பெனியின் இணையதளத்துக்கு எழுதுகிற இவரை அலுவலகத்தில் எல்லோரும் 'கமா அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அதில் கொள்ளைப் பெருமை.

பிஸ்கட் வாய்க்குள் உடைகிற சத்தத்தைக்கூட எழுத்தில் கொண்டுவந்துவிடுவார். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் மட்டும் அவருக்கு வேப்பங்காய். பழைய பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, "இதையெல்லாம் யாருங்க படிக்கிறாங்க?" என்பார்.

புது மென்பொருள் வாங்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு வந்திருந்தன, ஒன்றுக்குத்தான் முதலாளி தலையாட்டுவார். ஒன்று, பக்கங்களைப் படமும் எழுத்துமாக இஷ்டம்போல ஜோடிக்க உதவுவது. மற்றது, ஒவ்வொரு பண்டத்தின் விவரத்தையும் எச்சரிக்கையையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது. அங்கே ஒருமுறை திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் திருந்திவிடும். அன்று காலைக் கூட்டத்தில் கமா அண்ணன் இரண்டாவதைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கித் தள்ளினார்.

"கரண்ட் பில்லு மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. நாம பிஸ்கட் விக்கிறோமா, கணக்கு வாத்தியார் வேலை பாக்குறோமா?"

முதலாளியே சிரித்துவிட்டார். பிறகென்ன, காரியம் முடிந்த மாதிரிதான்.

மத்தியானம் தங்கை போன் செய்தாள். அவள் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. துளி பட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். குழந்தை இப்போது ஆஸ்பத்திரியில்.

"உங்க கம்பெனி பரிசு டப்பாதாண்ணா. வெப்சைட்ல கடலை இல்லைன்னு போட்டிருந்துச்சு. நீ எழுதினதாச்சேன்னு டப்பாவைத் திருப்பிக்கூடப் பாக்காம குடுத்துட்டேன்."

கம்பெனி பிஸ்கட் ஒன்றில் கடலை சேர்க்கத் தொடங்கியபோது, இணையதளத்தில் அந்த பிஸ்கட்டுக்கான பக்கத்தில் அவரே திருத்தியிருந்தார். அதே பிஸ்கட் பரிசு டப்பாவுக்குள்ளும் போகிறது, அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்பது அவர் புத்தியில் தட்டவே இல்லை. "அந்தப் பக்கத்தை எடுங்க, இப்பவே எடுங்க" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். சொன்னது தன் குரல்தானா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மூச்சு சீராகியிருந்தது. முகம்தான் அடையாளம் தெரியாமல் வீங்கிக் கிடந்தது. தன் எழுத்து ஒரு பிள்ளையை இப்படிப் படுக்கவைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வராந்தாவுக்கு வந்து முதலாளியைப் போனில் கூப்பிட்டார்.

"அந்தக் கட்டம் போட்டதையே வாங்குங்க சார். என் பக்கம் அழகா இருக்க வேணாம்."

"காலைல நீங்கதானேய்யா வேணாம்னீங்க?"

போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். அடுத்த கட்டில்காரர் ஆசையாகக் கொடுத்த மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்த குழந்தை, அதை அவரிடம் நீட்டியது.

"மாமா, இதுல கடலை இருக்கா? நீ பாத்துச் சொன்னா சாப்புடுறேன்."

வாங்கப் போன கை பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.