எழுந்து நின்று பேசிய போன்

என் மேசைத் தொலைபேசியின் ரிசீவர் ஒயர் மற்ற மேசைகளில் இருப்பதுபோல் சுருண்டு கிடக்காது. பாதிச் சுருள் பிரிந்து, தொய்ந்து தொங்கும். அதை அப்படி ஆக்கியவன் நான்தான்.

பெருங்களத்தூரில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் அலுவலகம் எங்களுடையது. லிஃப்ட் பழுதானால் வரும் அழைப்புகளை எடுப்பது என் வேலை. குறித்துக்கொண்டே பேச வசதியாக ஹெட்செட் கொடுத்திருந்தார்கள். ஆனால் திரையில் மேலாளரின் பெயர் மின்னினால் போதும், அதைக் கழற்றி வைத்து, ரிசீவரை எடுத்து, எழுந்து நின்றுவிடுவேன். அப்பா பல்லாவரத்தில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். மேஸ்திரிக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன், முதலில் நாற்காலி வேலைக்கு வந்தவன் நான். இருந்தும் அந்தப் பழக்கம் என் காலில் இருந்தது. நான் எழும்போதெல்லாம் ஒயர் இழுத்து, போனே மேசை விளிம்புக்கு வந்துவிடும். பக்கத்து இருக்கை அக்கா அதை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் சர்ச் பாடகர் குழுவில் உரக்கப் பாடுபவர், அலுவலகத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். “தம்பி, சார் போன்லதான் வர்றாரு, நேர்ல இல்ல. உக்காருப்பா.”

என் தகுதிகாண் காலம் முடியும் வாரம் அது. அப்பா தினமும் கேட்பார்: “இன்னாடா, பெர்மனென்ட் ஆச்சா?” என்னோடு சேர்ந்த ஒருவரை முந்தின நாள்தான் வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். அதையும் போனில்தான் சொன்னார்கள். அன்று மாலை மேலாளரின் பெயர் மின்னியபோது என் காதில் ஹெட்செட் இருந்தது. பதற்றத்தில் அதிலேயே எடுத்து, எழுந்தும் விட்டேன். ஹெட்செட் ஒயர் போனிலிருந்து கழன்று வந்தது. சத்தமே இல்லை. அழைப்பு போய்விடுமே என்று ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். “உங்க வேலை விஷயமா முடிவு பண்ணியாச்சு…” என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

அக்கா எட்டி ரிசீவரைத் தூக்கினார். ஸ்பீக்கர் அடங்கியது. அதை என் காதில் வைத்துவிட்டு, தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட சேதியாக இருந்தால் அது எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

“அடுத்த மாசத்துலேருந்து நீங்க பெர்மனென்ட்.”

என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும். “அட, நல்ல சேதியா? அநியாயமா அமுக்கிட்டேனே! ஸ்பீக்கர போடு, போடு!” என்றார் அக்கா.

“சார்… இன்னொரு தடவ சொல்லுங்க சார்,” என்று பொத்தானை அழுத்தினேன். சார் சொன்னார். பின்வரிசையிலிருந்து யாரோ, “மச்சான், ட்ரீட்டு!” என்று கத்த, “யாருய்யா அது?” என்றது போன்.

அக்கா இப்போது வண்டலூர் கிளையில் இருக்கிறார். மேலாளர் அழைத்தால் நானும் ஹெட்செட்டிலேயே, உட்கார்ந்தே பேசுகிறேன். தொய்ந்த ஒயரை மாற்றித் தரவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். திரையில் அக்காவின் பெயர் மின்னும்போது மட்டும் ரிசீவரைத்தான் எடுக்கிறேன்.

“உக்காந்துதானே பேசற?” என்பார்.

“ஆமாக்கா,” என்பேன், நின்றபடி.