பொட்டு சொன்னால்தான் நம்புவார்கள்

சர்க்கரை நோய்க்குப் பாடம் எடுக்கிறவளுக்கு இந்த ஜில்லாவில் எந்த வீட்டிலும் காபியில் சர்க்கரை போட்டுத் தரமாட்டார்கள். "எனக்குச் சுகர் இல்லைங்க, சுகர் எனக்குப் பாடம்தாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டும் டீச்சர், எதுக்கு வம்பு" என்று கசக்கக் கசக்கக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் அதை ஒட்டிய நர்சிங் காலேஜிலும் எனக்கு வேலை. நர்சுகளுக்கு, நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு, நோயாளிகளுக்கு என்று மூன்று கூட்டத்துக்கும் சர்க்கரையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று சொல்லித் தருகிறேன். கரும்பலகையெல்லாம் போய்விட்டது. இப்போது டேப்லெட், வாட்ஸ்அப், கையில் ஒட்டுகிற சென்சார். நீங்களும் நர்சாகவோ வாத்தியாராகவோ இருந்தால், இல்லை வீட்டில் ஒளித்து வைத்த மைசூர்பாகைத் தேடுகிற ஆளாக இருந்தால், தயங்காமல் படியுங்கள். நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்தான்.

பொய் சொல்லத் தெரியாத நோயாளி

ஆரோக்கியம் சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மூத்த நர்ஸ். நான் பாவாடை சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். அவரையும் என் வகுப்பில் உட்கார வைத்து விட்டார்கள். டேப்லெட்டில் ஒரு பொம்மை நோயாளி வருவார். அவரிடம் கேள்வி கேட்க வேண்டும், பதிலை வைத்து என்ன செய்யலாம் என்று திரையில் தொட வேண்டும். மற்ற நர்சுகள் எல்லாம் டக்கு டக்கென்று தொட்டு மார்க் வாங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "காலையில என்னப்பா சாப்ட்ட?" என்று திரையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், தொட்டாப் போதும்" என்றேன். தொட்டார். "இரண்டு இட்லி, சாம்பார்" என்று பொம்மை சொன்னது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று தொட்டார். "ஆமாம்" என்றது. கடைசியில் அத்தனை கேள்விக்கும் முழு மார்க். நான் கைதட்டினேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. டேப்லெட்டை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "ஏம்மா, ஆளு நல்ல ஆளாத்தான் இருக்காரு. ஆனா ஒரு பொய் கூடச் சொல்ல மாட்டேங்கிறாரே, இவர வச்சு என்னத்தப் படிக்கிறது?"

கையில் ஒட்டிய அம்மா

சென்சார் என்றால் அஞ்சு ரூபாய் காசு அளவுக்கு ஒரு வில்லை. மேல்கையில் ஒட்டிவிட்டால் ரெண்டு வாரம் அங்கேயே இருந்து, உடம்புச் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் போனுக்குக் கோடு போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் நோயாளிகள் அதற்கு 'பொட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரன் வைத்த பேரைவிட அது நல்ல பேர்.

மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம், "சுகர் இல்லாத உடம்பில கோடு எப்படிப் போகுதுன்னு பாக்கணும், யாரு ஒட்டிக்கிறது?" என்று கேட்டேன். எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். வத்தலக்குண்டுப் பிள்ளை கௌசல்யாதான் கையை நீட்டினாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் தைரியசாலி. ஒட்டினேன். மறுநாள் வகுப்பில் பெரிய திரையில் அவள் கோட்டைப் போட்டால், சாயங்காலம் ஒரு இடத்தில் அவள் ஊரிலிருந்து கொடைக்கானல் போகிற ரோடு மாதிரி ஏறி நிற்கிறது. "என்ன சாப்ட்டே?" "ஒண்ணுமில்ல மேடம், டீ." "டீக்கு இம்புட்டு ஏறாதே." பிள்ளைகள் எல்லாம் சிரிக்க ஆரம்பித்து விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அல்வா, அதற்கு மேல் ஒரு ரோஸ் மில்க் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கையிலிருந்த வில்லையை முறைத்துக்கொண்டே சொன்னாள்: "மேடம், கையில எங்க அம்மாவ ஒட்டி விட்டுட்டீக."

போட்டோவுக்கு வைத்த சோறு

நோயாளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறேன். காலையில் விரலில் குத்திப் பார்த்த சுகர் நம்பரையும், மத்தியானம் சாப்பிடும் தட்டையும் போட்டோ எடுத்துப் போட வேண்டும். கத்திரி, தக்காளி போடுகிற விவசாயி கருப்பையா அண்ணன் தட்டு இருக்கிறதே, அதைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு கைப்பிடி சோறு, தட்டு நிறைய அவரைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் மோர். "எல்லாரும் கருப்பையா அண்ணனப் பாருங்க" என்று குரூப்பில் தினமும் ஒரே பாராட்டு. நம்பர் மட்டும் இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

ஒருநாள் அவர் போனிலிருந்தே ஒரு பெண் குரல் வந்தது. அவர் சம்சாரம். குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: "டீச்சர், அது போட்டோவுக்கு வச்ச சோறு. திங்கிற சோறு இன்னும் சட்டியிலதான் கெடக்கு. பொரியல் வெஞ்சனம் மட்டும் நெசம்."

அன்றைக்குப் பூராவும் குரூப்பில் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மறுநாளிலிருந்து அண்ணன் சட்டியையும் சேர்த்தே போட்டோ எடுத்துப் போட்டார். மாட்டிக்கொண்ட பிறகும் குரூப்பை விட்டு ஓடாத மனுஷனை நான் அவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன்.

வெறுங்கையோடு வராத தெய்வானை

இப்படி அல்வா தின்றுவிட்டு டீ என்கிறவர்களும், சட்டியை மறைத்துத் தட்டைக் காட்டுகிறவர்களுமாக இருக்கிற ஊரில், உண்மை பேசுகிறவள் பாடு என்ன ஆகும்? தெய்வானைக்கு அதுதான் ஆனது.

ஆயக்குடியில் தெய்வானையும் அவள் வீட்டுக்காரர் பழனிச்சாமியும் கொய்யா வியாபாரம். விடிவதற்குள் பழம் தரம் பிரித்து, அடிபட்டதை நறுக்கி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ரோட்டோரம் தள்ளுவண்டியில் வைத்து மிளகாய்ப்பொடி உப்போடு விற்பார்கள். அவளுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. காய் எது, பழம் எது என்று கையால் தடவித்தான் பார்ப்பாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் சுகர் இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டோம் என்று கண் டாக்டர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தினமும் காலையில் பழ வேலை முடித்து, சாப்பிடுவதற்கு முன் விரலில் குத்திப் பார்ப்பாள். பழனிச்சாமிதான் நம்பரைப் படித்துக் குரூப்பில் போடுவார். எப்போதும் முந்நூறுக்கு மேல்.

குரூப் சும்மா இருக்குமா? "கொய்யாத் தோட்டத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு வாயக் கட்ட முடியுமா" என்று ஆளாளுக்குக் கிண்டல். வீட்டுக்காரரோ ஒருபடி மேலே போய், பழக்கூடைகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "நான் தூங்குனதுக்கப்புறம் திங்கறாளுங்க டீச்சர்" என்று என்னிடமே சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! திருடித் தின்கிறவள் தினமும் நம்பரைப் பார்க்கச் சொல்லி எதற்குக் கையை நீட்டப்போகிறாள்? கருப்பையா அண்ணனைப் போலத் தட்டு ஜோடிக்கிற ஜாதியா இவள்? நான் நம்பினேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு கண் ஆபரேஷன் செய்ய மாட்டார்களே.

ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் மடியில் கொய்யா கட்டிக்கொண்டு வருவாள். வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போவது அவளுக்கு ஆகாது. வரிசையில் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் நறுக்கி, நர்சுகளுக்கும் பக்கத்து நோயாளிகளுக்கும் கையில் வைப்பாள். தான் ஒரு துண்டு தொட மாட்டாள். அப்புறம் கூப்பிட்டதும் போய் விரலை நீட்டுவாள். அங்கேயும் முந்நூறு. டாக்டர் ஊசி மருந்தைக் கூட்டினார். அதற்கப்புறம் விடியக்காலம் உடம்பு நடுங்குகிறது, வேர்த்து ஊற்றுகிறது என்று சொன்னாள். நான் பதறிப்போனேன். சுகர் இறங்கிப் போனால் வருகிற நடுக்கம் அது, ஏறினால் வருவதில்லை. இன்னும் ஊசியைக் கூட்டினால் ஒருநாள் எழுந்திருக்காமலேயே போய்விடுவாள். டாக்டரிடம் போய் நின்று, மருந்தில் கை வைப்பதற்கு முன்னால் இவளுக்குப் பொட்டு ஒட்டிப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார். ஒட்டும்போது தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க டீச்சர், பார்வை வராட்டிப் போச்சாதுங்க. நான் திங்கலைன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிப்போடுங்க."

சாட்சி

பொட்டு ஒட்டி ஒரு வாரம் கூட ஆகவில்லை, எனக்குத் தலை சுற்றியது. பொட்டுப் போடும் கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, விடியக்காலம் பள்ளத்தில் வேறு இறங்குகிறது. அதே காலையில் பழனிச்சாமி அனுப்புகிற விரல் நம்பர் முந்நூற்றுச் சொச்சம். ஒரே உடம்பு, ரெண்டு கணக்கு. புதன்கிழமை கிராம வகுப்புக்குப் போகிற வண்டியில் ஆரோக்கியம் சிஸ்டரையும் கௌசல்யாவையும் ஏற்றிக்கொண்டு காலையிலேயே ஆயக்குடிக்குப் போய் இறங்கினேன்.

போனதும் தெய்வானை என்ன செய்தாள்? பழத்தை நறுக்கி மூன்று பேர் கையிலும் வைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் குத்தினார். முந்நூற்றி இருபது. போனில் பொட்டு தொண்ணூறு என்கிறது. பழனிச்சாமி, "பாத்தீங்களா" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். சிஸ்டர் மட்டும் அவள் விரலை விடவில்லை. அழுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். "என்னத்தா இது, வெரலு பிசுபிசுன்னு ஒட்டுது?" என்றார்.

எனக்குச் சுரீரென்று உறைத்தது. தெய்வானையைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, மறுபடி குத்தினோம். தொண்ணூற்றி நாலு. பழச்சாறு ஸ்பிரிட்டுக்கெல்லாம் மசியாது. விரலில் காய்ந்த சர்க்கரையில் ஒரு துளி போதும், ரத்தத்தோடு கலந்து மெஷினை ஏமாற்றிவிடும். இத்தனை நாளும் மெஷின் அளந்தது தெய்வானையின் ரத்தத்தை இல்லை, கொய்யாப்பழத்தை!

பழனிச்சாமி அப்போதும் நம்பாமல் நின்றார். கௌசல்யாவுக்குப் பொறுக்கவில்லை. கத்தியை வாங்கி ஒரு பழத்தைத் தானே நறுக்கி, கையை முந்தானைக்குப் பதில் துப்பட்டாவில் துடைத்துவிட்டுத் தன் விரலில் குத்தினாள். இருநூற்றி எண்பது. "ஐயோ மேடம், எனக்குச் சுகர் வந்துருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். சுகரே இல்லாத பிள்ளைக்கு இருநூற்றி எண்பதைப் பார்த்த பிறகுதான் மனுஷன் தலை குனிந்தது. தெய்வானை சத்தம் போடவில்லை, அழவில்லை. கையை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லி நம்பாதவரு பொட்டு சொன்னா நம்பறாருங்க டீச்சர். இத எடுத்து எம்பட வாயோரம் ஒட்டி உட்டுப்போடுங்க."

கண்

டாக்டர் அன்றைக்கே ஊசி மருந்தைக் குறைத்தார். நடுக்கம் நின்றது. குரூப்பில் கிண்டல் செய்தவர்களில் முதலில் மன்னிப்புக் கேட்டது யார் தெரியுமா? கருப்பையா அண்ணன்தான். "தாயி, சட்டிய மறைச்ச பய நானு, உன்னையப் பேச எனக்கு யோக்கியதை இல்ல" என்று குரல் அனுப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபரேஷனுக்கு வந்த அன்றைக்கு நீங்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும். ரெண்டு கையையும் சோப்பு வாசனையோடு மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவைக் கூடத் தொடாமல் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கொய்யாப் பையோடு பழனிச்சாமி. வெறுங்கையோடு வரக் கூடாது என்கிற வழக்கத்தை அவள் விடவில்லை, நறுக்குகிற வேலையைத்தான் கைமாற்றி விட்டிருந்தாள். அவர் கோணல் மாணலாக நறுக்கி நர்சுகள் கையில் வைக்க, உள்ளே அவள் விரலில் குத்தினார்கள். அளவு சரி. கண்ணில் கை வைத்தார்கள்.

கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியோடு என் வகுப்புக்கு வந்தாள். பழனிச்சாமியும் பக்கத்தில் இருந்தார். புதிதாகச் சேர்ந்த நோயாளிகளுக்கு இவளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "இப்ப எப்படித்தா தெரியுது?" என்று ஆரோக்கியம் சிஸ்டர் கேட்டார். தெய்வானை கண்ணாடியைக் கழற்றினாள். எங்களைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியாக வீட்டுக்காரரை நின்று நிதானமாகப் பார்த்தாள். "எல்லாம் நல்லாத் தெரியுதுங்க சிஸ்டர். புரை உளுந்தது எம்பட கண்ணுலீங்க, நான் திருடித் திங்கறது தெரிஞ்சது மட்டும் இவரு கண்ணுக்குங்க."

ஆக, இத்தனை மெஷினும் பொட்டும் டேப்லெட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நான் நடத்துகிற பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: அடுத்தவர் வாயைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.